ஓரம் வெட்டிய மாமனார்

வெல்டன், ஒஹையோ
செவ்வாய்க்கிழமை, பூனை தூங்கும் நேரம்

மதிப்பிற்குரிய மாமா எமில் வாவ்ரா அவர்களின் திருமுன்னுக்கு, அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்ட வெண்டல் பிக்கெட் பணிவோடு எழுதுவது. இங்கே கூரை ஒழுகவில்லை. பூனை உயிரோடு இருக்கிறது. எங்கள் மகள் வீடு மாறுகிறாள் என்று கொலம்பஸுக்குப் போன உங்கள் மகள் கொரீன் இன்னும் திரும்பவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நாங்கள் நலம் என்று எடுத்துக்கொள்ளவும். உங்கள் முழங்காலும், தக்காளிச் செடிகளும், ஏரி மீன்களும் நீங்கள் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சங்கடமான பேச்சை எடுத்தாலே நீங்கள் போனைக் கேட்காத காதுக்கு மாற்றிக்கொள்கிறீர்கள் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கடிதத்துக்கு அந்தக் காது கிடையாது.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு சர்ச்சில் பாதிரியார் என் உள்ளங்கையில் வைத்த நற்கருணை அப்பத்தை நான் வாயில் போடவில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓரம் சீராக இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நானாகச் செய்யவில்லை மாமா, கை தானாகப் போய்விட்டது. எனக்குப் பின்னால் வரிசை அப்படியே நின்றது. ஆர்கன் வாசிக்கிற அம்மாள் அதே நாலு கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பாதிரியார் குனிந்து, "என்ன வெண்டல், ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார். "இல்ல ஃபாதர், இது மெஷின் வெட்டுதான்" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு நேர் பின்னால் நின்றது உங்கள் மகன் ரேயின் மாமியார். ஆகவே இந்தச் செய்தி என் கடிதத்துக்கு முன்னாலேயே உங்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போயிருக்கும்.

எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பார். கலங்கவில்லை. நடந்ததற்கெல்லாம் காரணம் நீங்கள்தான். கோபப்படாமல் மேலே படிக்கவும்.

போன தேங்க்ஸ்கிவிங் விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். வான்கோழியை வெட்டப் போகும் நேரத்தில், வழக்கம்போல் கத்தியை மேலே நிறுத்திக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் நான் வெறும் கெழவன். ஒரு சீசன் வெல்டன் மில்லர்ஸ் பேஸ்பால் டீமுக்குப் பந்து போட்டவன்டா நான். ஹோல்ட்ஸ் ஹாட்டாக் கம்பெனிக்காரன் என் படத்த வச்சுக் கார்டு போட்டான், தெரியுமா? கலர்ல!" என்றீர்கள். அதற்கு ரே, "அப்பா, அந்தக் கார்டப் பாத்தவங்க யாராச்சும் இன்னும் உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டான். கேட்டது ரே. சிரித்தது மேஜை முழுக்க. ஆனால் வாய் நிறைய மசித்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு சிரித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் சிரிப்பு மட்டும் வெளியே வந்து உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். மற்றவர்களுக்கெல்லாம் நெஞ்சுக்கறியும் தொடையும் போட்டுவிட்டு, எனக்குக் கழுத்தை எடுத்துப் போட்டு, "சாப்பிடுங்க மாப்ளே" என்றீர்கள். கிறிஸ்துமஸுக்கும் கழுத்து. ஈஸ்டருக்குச் செய்தது பன்றித் தொடை. அதில் எனக்கு எங்கிருந்து கழுத்து கண்டுபிடித்தீர்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உங்கள் கார்டுகள் எல்லாம் நிலவறையில் தண்ணீர் புகுந்த வருஷம் போய்விட்டன என்று கொரீன் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். உலகத்தில் ஒன்றாவது மிச்சம் இருக்கும். அதை எப்பாடுபட்டாவது பிடித்து, வரும் ஞாயிறு பௌலிங் ஹாலில் நடக்கப்போகிற உங்கள் எண்பத்தைந்தாவது பிறந்தநாள் விருந்தில், ரேயின் மூக்குக்கு முன்னால் நீட்டி, உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் எனக்கு நெஞ்சுக்கறி. இதுதான் திட்டம். கொரீனிடம்கூட மூச்சு விடவில்லை. அவளுக்கு ரகசியம் தெரிந்தால் உங்களுக்குத் தெரிந்த மாதிரி.

குளிர்காலம் முழுக்க இணையத்தில் துழாவினேன். மார்ச்சில் கிடைத்தது! இண்டியானா மாநிலத்தில் மன்சி என்ற ஊரிலிருந்து மிசஸ் ஜூன் டெல்லிங்கர் என்கிற அம்மாள் விற்பனைக்குப் போட்டிருந்தார். சமையல் மேஜையில் கார்டை வைத்து எடுத்த படம். ஓரத்தில் சர்க்கரை டப்பா. கேட்ட விலையை யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். எவ்வளவு என்று கொரீன் கேட்டால் நீங்களும் தெரியாது என்றே சொல்லவும், ஏனென்றால் உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாது.

கார்டு வந்தது. பிரித்தேன். மாமா, நான் இதை முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டேன். நீங்கள் அழகாக இருந்தீர்கள். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, இடது கையில் பந்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இந்த உலகத்தில் வரி என்று ஒன்று இருப்பதே தெரியாத சிரிப்பு. இரண்டு பக்கமும் இரண்டு காது, யாரோ இரண்டு தெருவிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தயாராக நிற்கிற மாதிரி. அப்போது இரண்டும் வேலை செய்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன்.

பதினோராவது நிமிஷம் என் தொழில் புத்தி வந்துவிட்டது. நான் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது என்று இன்சூரன்ஸ் கேட்பவர்கள் வீட்டில் ஏணி போட்டு ஏறி, இது ஆலங்கட்டி போட்ட குழியா, சுத்தியலால் இவரே போட்ட குழியா என்று பார்த்துச் சொல்வது. மனிதர்களை நம்பாமல் இருப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம். அப்படிப்பட்டவன் கையில் இத்தனை வருஷத்துக் கார்டு ஒன்று மூலை மழுங்காமல் வந்தால் சும்மா இருப்பானா? இணையத்தில் படிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் தெரிந்தது, இந்தப் பழைய கார்டு வியாபாரத்தில் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது: ஓரம் சீவுவது. கார்டு பழசானால் ஓரம் நைந்து மூலை உருண்டுவிடும். சில ஆசாமிகள் ஒரு மயிரிழை அகலத்துக்கு ஓரத்தைப் பிளேடால் சீவிவிட்டு, நேற்று அச்சடித்ததுபோல விற்றுவிடுகிறார்களாம். கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கார்டைத் தரம்பார்க்கிற கம்பெனிக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள். சாதி கெட்டது மாதிரி தனியாகத் தள்ளிவைத்துவிடுவார்கள்.

ஸ்கேலை எடுத்தேன். மேல் பக்கம் கீழ்ப் பக்கத்தைவிடக் குறுகல். வலது ஓரம் பாதிவரை நேராக வந்து, அப்புறம் வீட்டுக்குப் போக மனசில்லாதவன் நடப்பதுபோல் கொஞ்சம் விலகிப் போகிறது. பூதக்கண்ணாடியை வைத்தேன். கீழ் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகள், பாதி இருக்கிறது, பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு மூலையில் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன வளையம். அச்சுப்பிழை என்று குறித்துக்கொண்டேன். பின்பக்கம் திருப்பினால் ஒரு எழுத்தும் இல்லை, வெறும் சாம்பல் அட்டை. மோந்து பார்த்தேன், லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. ஹாட்டாக் பாக்கெட்டுக்குள்ளே போட்டுக் கொடுத்த கார்டு என்றால் அந்த வாசனை நியாயம்தான் என்று அதை மட்டும் மன்னித்தேன்.

புது வெட்டாக இருந்தால் ஊதா விளக்கில் ஓரம் தனியாக மினுங்கும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். நம் வீட்டில் அந்த விளக்கு ஒன்று உண்டு, பூனை எங்கே அசிங்கம் செய்தது என்று பார்க்க வாங்கியது. திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டேன். கார்டின் ஓரம் மினுங்கவில்லை. சோபா மினுங்கியது. கம்பளம் மினுங்கியது. நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் உட்கார்கிற சாய்வு நாற்காலி திருவிழா மாதிரி ஜொலித்தது. அன்று பகல் முழுக்க வாளியும் சோப்புமாகப் போயிற்று. அதன் பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது: எதைக் கையில் எடுத்தாலும் ஓரத்தைப் பார்ப்பது. கரண்ட் பில், கிராக்கர் பிஸ்கட், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை, கடைசியில் அப்பம்.

இனிமேல் தனியாக முடியாது என்று போன சனிக்கிழமை தீயணைப்பு நிலைய ஹாலில் நடந்த கார்டு சந்தைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சிக்கல். டாட்டியை உங்களுக்குத் தெரியும், கார்டுக் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் வியாழக்கிழமை தவறாமல் உங்களோடு மீன் பிடிக்க வருகிறவன். உங்கள் முகத்தை அவள் பார்த்தால் வியாழக்கிழமையே உங்களுக்குச் செய்தி. ஆகவே கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கறுப்புக் காகிதத்தால் நன்றாக மூடி, நாலு ஓரத்தை மட்டும் நூல் அளவுக்கு வெளியே தெரியும்படி விட்டு, எடுத்துக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இதுவும் ஒன்று என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டாட்டி மேஜையில் மெர்லும் உட்கார்ந்திருந்தான். முன்பு கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தானே, அந்த மெர்ல்தான். கடையை மூடிய பிறகும் சட்டைப் பையில் கத்தரிக்கோல் இல்லாமல் வெளியே வரமாட்டான்.

"என்னப்பா வெண்டல், கறுப்பு போத்தி எடுத்துட்டு வர? யாரு போயிட்டாங்க?" என்றாள் டாட்டி.

"ஓரத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க. வெட்டியிருக்கா, இல்லையா?"

"எந்த வருஷத்துக் கார்டு?"

"சொல்ல முடியாது."

"எந்தக் கம்பெனி?"

"அதுவும் முடியாது."

"படத்துல இருக்குறது யாரு?"

"அது சொல்லவே முடியாது."

"ஏம்ப்பா, உன் பேரையாவது சொல்லுவியா?"

மெர்ல் கார்டைப் பிடுங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான். "யோவ், மொகத்துல துணியப் போட்டு முடி வெட்டச் சொல்ற மாதிரி இருக்கு. இருந்தாலும் பரவால்ல, உன் தலையில எனக்கு எந்தக் காலத்துலயும் வேலை கெடச்சதில்ல, இதையாவது பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு விரல் நகத்தை நாலு ஓரத்திலும் ஓட்டினான். ஹாலில் பாதிப் பேர் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். குலுக்கல் சீட்டு விற்கிற பெண்ணும் விற்பதை நிறுத்திவிட்டாள்.

"கத்தரிய்யா இது."

"பிளேடு இல்லையா?"

"பிளேடு வழுக்கிட்டுப் போவும். இங்க பாரு, கத்தரிய ஒரு தரம் மூடித் திரும்பத் தெறக்குற எடத்துல சின்னதா ஒரு படி. இந்தா, இங்க ஒண்ணு. சின்னக் கத்தரி. மொத மூணு பக்கம் ஒழுங்கா வெட்டிருக்கு. நாலாவது பக்கம் வரப்ப சாப்பிடக் கூப்ட்டுட்டாங்க போல, அவசரம்."

"புது வெட்டா?"

"பழசுய்யா. ரொம்பப் பழசு. ஆனா கை வெட்டு. பைபிள்ல அடிச்சுச் சொல்லுவேன்."

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. என் தோளில் யாரோ தட்டிக்கொடுத்தார்கள். இன்னொருவர் தன் காபியை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் இரு வெண்டல்" என்றாள் டாட்டி. "எல்லாக் கார்டும் ஒண்ணு இல்ல. சில கார்டு இருக்கு, அதுக்கெல்லாம்..." என்று ஏதோ ஆரம்பித்தாள். குற்றம் ருசுவான பிறகு "சிலது இருக்கு, அதுக்கெல்லாம்" என்று ஆரம்பிப்பவர்களை நான் நிறையக் கூரைகளில் பார்த்திருக்கிறேன். இரக்கத்தில் சொல்கிறாள் என்று புரிந்தது. கார்டை வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, தவறான கதவைத் திறந்து, தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகைக்குள் போய், திரும்பி வந்து, சரியான கதவு வழியாக வெளியேறினேன்.

ஞாயிறு சர்ச்சில் நடந்தது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை மிசஸ் டெல்லிங்கருக்கே போன் போட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். குற்றவாளிகள் மழுப்புவார்கள், அழுவார்கள், நாயைக் கூப்பிடுவார்கள், எல்லாவற்றுக்கும் தயார்.

"ஹலோ, வெல்டன்ல இருந்து பேசுறேன். நீங்க அனுப்பிச்ச கார்டு விஷயமா."

"வந்துருச்சா தம்பி? நல்லபடியா வந்துச்சா? எவ்ளோ அழகா இருக்கான் பாத்தீங்களா?"

"அழகு இருக்கட்டும்மா. ஒரே கேள்வி. மறைக்காம பதில் சொல்லணும். அத யாராச்சும் வெட்டிருக்காங்களா?"

"ஆமா."

எனக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது.

"யாரு?"

"நாந்தான். வேற யாரு?"

"எதால வெட்டுனீங்க?"

"எங்கம்மா தையல் கத்தரியால. அவங்களுக்குத் தெரியாம. துணி வெட்டுற கத்தரியால அட்டைய வெட்டுனா மொண்ணையாயிரும்ல? தெரிஞ்சிருந்தா முதுகுத் தோல உரிச்சிருப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார் மாமா! கொஞ்சமும் கூச்சமில்லை.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"ஒம்போது."

ஒன்பது வயதில்! நான் ஒன்பது வயதில் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் இருந்தவன். "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"டீம் முழுசும் வெட்டுனேன் தம்பி. எனக்காக எங்கப்பா அந்த வருஷம் பூரா ஹாட்டாக் தின்னு தின்னே ஓய்ஞ்சு போனாரு, பாவம்."

இவர் அப்பா என்ன தின்றால் எனக்கென்ன? பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன். "மத்த கார்டெல்லாம் எங்க?"

"எப்பவோ போச்சு. இவன மட்டும் எடுத்து வச்சிருந்தேன்."

"ஏன்?"

"காதுதான்" என்றார். அப்புறம் அவரே, "சின்ன வீட்டுக்குப் போறேன் தம்பி, சாமானெல்லாம் குறைக்கணும்னு மகன் சொன்னான். இத வித்துட்டு அப்புறம் மனசே ஆறல. உங்களுக்குப் பிடிக்கலன்னா அனுப்பிருங்க, காச உடனே திருப்பித் தந்துர்றேன்" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று தானாகவே சொல்கிற மோசடிக்காரரை நான் இதுவரை கண்டதில்லை. சந்தேகம் இன்னும் வலுத்தது.

நேற்று மத்தியானம் முழுக்கச் சமையல் மேஜையில் உங்களை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தேன். கொடுத்துவிடலாமா? கண்ணாடி போடாமல் உங்களுக்கு ஓரம் தெரியாது. போட்டாலும் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். இருபது வயது முகம், மாமா. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கே ஸ்கேல் மறந்து போயிற்று. ஆனால் ரே அங்கே இருப்பான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "அப்பா, மாப்ள உனக்கு டூப்ளிகேட் வாங்கிக் குடுத்துட்டாருப்பா" என்பான். மறுபடியும் மேஜை முழுக்கச் சிரிக்கும். மறுபடியும் நீங்கள் என்னைத்தான் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்கு நான் இன்னொரு பிறந்தநாளை ஒப்புக்கொடுக்கத் தயாரில்லை. ஓரம் வெட்டிய மாமனாரை, முழு மாமனார் என்று சொல்லி, முழு மாமனாரிடமே கொடுப்பதற்கு என் மனச்சாட்சி இடம் தரவில்லை.

ஆகவே இன்று காலை கார்டை நல்ல கெட்டியான உறையில் வைத்து மன்சிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். தபால் ஆபீஸ் பெண் உறையை ஒட்டும்போது ஒருமுறை எட்டி உங்களைப் பார்த்துவிட்டு, "யாரு சார், நடிகரா?" என்று கேட்டாள். அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். வரும் ஞாயிறு என்னிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கப்போவது மீன் பிடிக்கும்போது உட்கார ஒரு மடக்கு நாற்காலி. இரண்டு பக்கமும் கோப்பை வைக்க வளையம் உண்டு. எல்லாக் கால்களும் ஒரே உயரம்; அளந்து பார்த்துவிட்டேன். அதை வாங்கிக்கொள்ளும்போது, இந்த மனிதன் இதைவிடப் பெரியதாக ஒன்றைக் கையில் வைத்திருந்தான், என் மானத்துக்காக விட்டுக்கொடுத்தான் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தால் போதும். கார்டு இருந்தது உண்மை, நீங்கள் சொன்னது உண்மை, கலரில்தான் இருந்தது என்பதற்கு நான் சாட்சி. அதை ரேயிடம் எங்கு வேண்டுமானாலும் சொல்கிறேன்.

முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தையே தடவவும். ரேயின் மாமியார் சொல்கிற தைலம் வேண்டாம். மீன்களுக்கு என் அன்பு. வீட்டுக்கு வருபவர்கள் என்னைப் பற்றிச் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். நல்ல பாதியாகப் பார்த்து நம்பவும். பெரியவரான உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், முடிந்தால் நெஞ்சுக்கறி வடிவில்.

என்றும் உங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
வெண்டல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கொரீன் கொலம்பஸிலிருந்து வந்துவிட்டாள். நான் கையை நீட்டுவதற்குள் கடிதத்தை எடுத்து, ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றபடி படித்தாள். "தையல் கத்தரி" வந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன்.

"ஏங்க, அந்தக் கார்ட எங்க வச்சுக் குடுத்தாங்கன்னு நெனச்சீங்க?"

"பாக்கெட்டுக்கு உள்ள."

"உள்ளயா? ஹாட்டாக் கூடயா? எங்கப்பா மொகம் எண்ணெயில ஊறிக்கிட்டா?"

"பின்ன எங்க?"

"பொட்டி முதுகுல! பொட்டி அட்டைல படத்தப் போட்டுருப்பான். வெட்டி எடுத்தாத்தான் கார்டு. வெட்டலன்னா அது வெறும் பொட்டி. ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் வெட்டுச்சு. எங்க அத்தைங்ககூட வெட்டிருக்காங்க. நீங்க பஃபலோவுல வளந்தவரு, இந்த ஊர் சங்கதி தெரியலன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல!"

ஆக, வெட்டாத எமில் வாவ்ரா என்று ஒருவர் இந்த உலகத்தில் அச்சாகவே இல்லை மாமா. டாட்டிக்குப் போன் செய்தேன். "அதத்தாம்ப்பா சொல்ல வந்தேன், நீ ஃபயர் எஞ்சினுக்குள்ள போயிட்ட" என்றாள். அப்புறம் மிசஸ் டெல்லிங்கரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, கார்டை மறுபடி கொடுங்கள் என்று கெஞ்சினேன். இந்த முறை விற்கமாட்டாராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மகனோடு காரில் வந்து தன் கையாலேயே உங்களுக்குக் கொடுத்துவிடுகிறாராம். அந்தக் காது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டுமாம். எந்தக் காது வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாளை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பது உங்கள் விருப்பம்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "ஒரு எழுத்து மாத்தக்கூடாது, இதுதான் அப்பாவுக்கு நீங்க குடுக்கப்போற பெரிய கிஃப்ட்டு" என்று சொல்லி, கொரீனே தபால்தலை ஒட்டிவிட்டாள். ஒட்டும்போது, ஆதாரத்துக்காக நான் போனில் பெரிதாக்கி எடுத்து வைத்திருந்த கார்டின் மூலைப் படத்தையும் பார்த்தாள். கண்ணாடி போடாமலேயே பார்த்துச் சொன்னாள்: கீழ் ஓரத்து எறும்பு வரிசை, வெட்டவேண்டிய இடத்தைக் காட்ட அச்சடித்த கோடு. மூலையில் நான் மூக்குக்கண்ணாடி என்று குறித்துக்கொண்ட அந்த இரண்டு வளையமும் ஒரு கத்தரிக்கோல் படத்தின் கைப்பிடி.